மெழுகுக்கு அடியில்

அக்டோபர் 9, வியாழன்

மரகதம் என் வேலையைக் கெடுத்துவிட்டாள். இதை முதல் வரியாகவே எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் இதை வேறு மாதிரி திருப்பிச் சொல்லக் கூடாது.

ஐந்து மாதம் உழைத்து, வெறும் இரும்பாக வெளியே கொண்டுவந்து, தட்டில் வரிசையாக வைத்த பாகங்கள் இருபத்தாறு. இன்று காலை பார்த்தால் அவற்றில் பதினொரு பாகத்தில் துரு. பழுப்புப் புள்ளிகள், சில இடத்தில் கோடுகள். பல் டாக்டர் பொன்னுரங்கத்தின் 1952 மாடல் மாரிஸ் மைனர் காருக்கானவை இவை. ஸ்டியரிங் ராடுகள், ஹேண்ட்பிரேக் லீவர், கிளட்ச் இணைப்புகள், போல்ட்டுகள். ஜனவரியில் பழைய கார் கண்காட்சி. நடுவர்கள் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்ப்பார்கள்.

காரணம் சந்தனம். ஆயுத பூஜை அன்று மரகதம் டிரில்லிங் மெஷினுக்கும் பஃபிங் மோட்டாருக்கும் பொட்டு வைத்தாள். அதோடு நிறுத்தாமல் தட்டில் இருந்த பாகங்களுக்கும் வைத்துவிட்டாள். சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. குங்குமத்தில் என்னென்னவோ கலக்கிறார்கள்.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"அம்மணி, இது நீ பொட்டு வெச்ச வேலைதான்."

"சாமிக்கு வெச்சதுங்ண்ணா. நீங்கதான் பக்கத்துல நின்னு சூடம் காட்டுனீங்க."

"மெஷினுக்கு வெக்கச் சொன்னேன். பாகத்துக்கு எவன் சொன்னான்?"

"வெக்காதேன்னும் சொல்லலீங்களே."

ஆறு வருடமாக என்னிடம் வேலை செய்கிறவள். வாய் இருக்கும் என்று தெரியும், இவ்வளவு என்று தெரியாது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். கையுறையைக் கழற்றி மேசை மேல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 10, வெள்ளி

என் மனைவி பூவாத்தா இன்று என்னோடு பேசவில்லை. காபி டம்ளரை வைத்த வேகத்தில் பாதி தரையில் சிந்தியது. பேசாமல் இருப்பது அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

பதினொன்று இப்போது பதினாலு.

அக்டோபர் 11, சனி

எது எப்படி நடக்கிறது என்பதை எழுதி வைக்கிறேன். கேஸ் என்று வந்தால் முறை எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்தப் பாகங்கள் அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே பெயிண்ட் இல்லாமல்தான் வந்தன. அதனால் பழுது பார்த்த பிறகும் அவை வெறும் இரும்பாகவே தெரிய வேண்டும். பஃபிங் கொடுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினால் தப்பு. சில்வர் பெயிண்ட் அடித்தால் அதைவிடத் தப்பு. நிறமில்லாத வார்னிஷ் மாதிரியான லாக்கர் அடிக்கலாம் என்பார்கள். லாக்கர் அடித்த இரும்பு எப்போதும் மழையில் நனைந்தது போலத்தான் இருக்கும். இரும்பின் நிறம் சாம்பலும் அல்ல, வெள்ளையும் அல்ல. மேகம் போட்ட நாளில் குளத்துத் தண்ணீருக்கு ஒரு நிறம் இருக்கிறதே, அது. அதை அப்படியே நிறுத்தி வைப்பதுதான் வேலை.

மண்ணெண்ணெயில் ஊறவைப்பது, கம்பி பிரஷ் போடுவது, ஸ்டீல் வுல் என்ற இரும்புப் பஞ்சால் தேய்ப்பது எல்லாம் மரகதம். தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் கடைசியாகத் துடைப்பதும் அவளே. துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். அதன் பிறகு அவள் தொடக் கூடாது. அது என் கட்டளை. இடுக்கியில் எடுத்து வெயிலில் வைப்பாள். சூடு ஏறியதும் நான் எடுத்து, வெறும் உள்ளங்கையாலும் விரலாலும் முழுக்கத் தடவிப் பார்ப்பேன். கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது. கையுறை போட்டுக்கொண்டு இரும்பைச் சோதிப்பவன் வாயைக் கட்டிக்கொண்டு உப்புப் பார்ப்பவன். பிறகு தேன்மெழுகும் டர்பன்டைனும் சேர்த்து நானே காய்ச்சிய கலவையைப் பூசி, பழைய வேட்டித் துணியால் வழித்து எடுப்பேன். மெழுகு இருப்பதே தெரியக் கூடாது.

எந்தப் புத்தகமும் படித்து இதைக் கற்கவில்லை. எவனும் சொல்லித் தரவும் இல்லை.

இதுவரை நாங்கள் செய்தது அலுமினியமும் பித்தளையும்தான். இரும்பு இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 13, திங்கள்

ஒரு விஷயம். பூதக்கண்ணாடி வாங்கி வந்து பார்த்தேன். பொட்டு வைத்த இடத்தில் துரு இல்லை. பொட்டு மெழுகின் மேல் காய்ந்து உதிர்ந்திருக்கிறது. துடைத்தால் கீழே இரும்பு சுத்தமாக இருக்கிறது.

துரு இருப்பது வேறு இடத்தில். அது புள்ளியும் இல்லை. விரல் ரேகை. கோடு கோடாக, ஒவ்வொரு கோடும் தனித்தனியாக, பத்திர ஆபீஸில் மை வைத்து ஒற்றியது போல. பழுப்பு மை. ஸ்டியரிங் ராடில் நாலு விரலும் வரிசையாக, பின்பக்கம் பெருவிரல்.

ஆக, சந்தனம் இல்லை. தொட்டிருக்கிறாள். கையுறை இல்லாமல், சாப்பிட்ட கையோடு, நான் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டிருக்கிறாள். சந்தனமாக இருந்தால் தெரியாமல் செய்தது என்று விட்டுவிடலாம். இது கட்டளையை மீறியது.

ரேகை ஒரு ஆளுக்கு ஒன்றுதான். இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. பதினேழு.

அக்டோபர் 16, வியாழன்

ஸ்டாம்ப் பேடும் வெள்ளைத்தாளும் எடுத்துக்கொண்டு மரகதத்தின் வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, வரிசை வீடுகளில் கடைசி. தண்ணீர் வரும் நேரம். குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். அவளும் நின்றிருந்தாள்.

"உன் கைரேகை வேணும்" என்றேன்.

"எதுக்குங்க?"

"பாகத்துல இருக்கிறது உன் ரேகையா இல்லையான்னு பாக்கணும். இல்லேன்னா உனக்குத்தானே நல்லது."

குழாயடியில் யாரோ, "மரகதக்கா, நகை நட்டு எதாச்சும் காணமா?" என்று கேட்டார்கள். இன்னொருத்தி சிரித்தாள். மரகதம் சிரிக்கவில்லை. குடத்தை இறக்கி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"பத்து வெரலையும் எடுத்துக்குங்க. ஒண்ணு உட்டுப் போச்சுன்னு நாளைக்கு மறுக்கா வராதீங்க."

குழாயடித் திண்டின் மேல் தாளை வைத்து எடுத்தேன். விழவில்லை. வெறும் மைத் திட்டு. மை அதிகம் என்று நினைத்துப் பேடைத் துணியால் ஒற்றிவிட்டு மறுபடி எடுத்தேன். திட்டுத்தான். மூன்றாவது தடவையும் திட்டு.

"விழாதுங்ண்ணா" என்றாள். "ரேசன் கடையில என்ற வெரல மெசின் எடுத்து மூணு வருசமாச்சு. பையன் வந்து வெரல் வெச்சாத்தான் அரிசி. உங்ககிட்ட கம்பி பிரஸ்ஸு புடிச்சுப் புடிச்சு ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. ஆதார்காரன் கேட்டான், ஏக்கா நீ என்ன கையில உப்புத்தாளா வெச்சிருக்கேன்னு."

"கையுறை குடுத்திருக்கேனே."

"குடுத்தீங்க. வருசத்துக்கு ஒரு ஜோடி."

குழாயடியில் இருந்தவர்கள் குடத்தை நிரப்புவதை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வீணாகப் போனது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

அவள் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. மையில் விழாத ரேகை இரும்பில் விழலாம். இரண்டும் வேறு பொருள்.

பூவாத்தாவின் ரேகை எடுத்தேன். அவள் எப்போதாவது ஷெட்டுக்கு டீ கொண்டுவருவாள்.

"இதையும் பாத்தாச்சுன்னா அடுத்து மாரியம்மன் செலைக்கும் எடுத்துட்டு வாங்" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

அவள் பெருவிரல் ரேகையில் வளைவு. பாகத்தில் இருப்பது சுழி. பொருந்தவில்லை.

செப்டம்பரில் டாக்டர் வந்தபோது ஹேண்ட்பிரேக் லீவரைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவரிடம் ரேகை கேட்பது எப்படி என்று யோசிக்கிறேன்.

அக்டோபர் 18, சனி

மெழுகு பற்றி ஒரு குறிப்பு. ஒரு போல்ட்டில் தின்னர் போட்டு மெழுகை எடுத்துப் பார்த்தேன். மெழுகு வந்துவிட்டது, ரேகை வரவில்லை. ஆகவே ரேகை மெழுகுக்கு அடியில் இருக்கிறது. தின்னர் துடைத்த பிறகு, மெழுகு போடுவதற்கு முன்னால், யாரோ தொட்டிருக்கிறார்கள்.

அந்த இடைவெளியில் பாகத்தைத் தொடுபவர் யார் என்று யோசித்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயிலில் தட்டு இருக்கும்போது மரகதம் நகர்த்தியிருக்கலாம்.

ஆறுச்சாமிக்கு போன் போட்டேன். நானும் அவனும் அளவுக்கருவி செய்யும் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்தவர்கள். இரும்பைப் பற்றித் தெரிந்தவன். நான் பரிசோதனை அறையில் இருந்தது 1983இல் பதினொரு மாதம். வெள்ளைக் கோட்டு, ஏசி, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் வேலை. மேற்பார்வையாளர் கோவர்த்தனன் ஒரு நாள் காலை கூப்பிட்டு, நாளையிலிருந்து ஸ்டோர் என்றார். காரணம் கேட்டேன். "நிர்வாக முடிவு" என்றார். அடுத்த ஆண்டு அவருடைய சொந்தக்காரப் பையன் ஒருவன் அந்த அறைக்கு வந்தான். நாற்பத்திரண்டு வருடமாக எனக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருக்கிறது. மீதி இருபத்தைந்து வருடச் சர்வீசை நட்டும் போல்ட்டும் எண்ணிக் கழித்தேன். ஓய்வு பெற்ற நாள் மாலை போட வந்த கோவர்த்தனனின் கையை நான் தொடவில்லை.

ஆறுச்சாமியிடம் துருவைச் சொன்னேன். ரேகை ரேகையாக வருகிறது என்றேன்.

"ஏனுங் நாச்சிமுத்து, அந்தப் பாகத்தையெல்லாம் தொட்டுப் பாக்கறது ஆருங்க?"

"ஏன்?"

"இல்லீங், சில பேரு வேர்வைக்கு இரும்பு ஆகாதுங்க. நம்ம பரிசோதனை ரூம்லயே அந்தக் காலத்துல… உங்களுக்குத் தெரியாதுங்ளா?"

சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மரகதம் ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு கொண்டுவருவாள். இன்று வரவில்லை. பூவாத்தா ஒரு தூக்குப் போசியில் பலகாரம் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது போசி காலியாக இருந்தது.

அக்டோபர் 22, புதன்

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது. ஒரே தகட்டிலிருந்து நாலு துண்டு வெட்டினேன். எமரித் தாள் போட்டுத் தேய்த்து, தின்னரில் கழுவி, இடுக்கியிலேயே கையாண்டேன்.

முதல் துண்டு யாரும் தொடாதது. இரண்டாவதில் மெழுகுக்கு மேல் சந்தனப் பொட்டு. மூன்றாவதைப் பூவாத்தா தொட்டாள், அவியலுக்குக் காய் நறுக்கிய கையோடு. நாலாவதை இன்னொருவர் தொட்டார். எல்லாவற்றுக்கும் மெழுகு போட்டு, கூரை ஒழுகும் பக்கம் ஈரத்தில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 25, சனி

முதல் துண்டு: சுத்தம்.

இரண்டு: சுத்தம்.

மூன்று: ஓரத்தில் லேசாக ஒரு நிழல். விரல் என்று சொல்ல முடியாது.

நாலு: நாலாவது துண்டு சரியாகக் கழுவப்படவில்லை போலிருக்கிறது. மறுபடி செய்ய வேண்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

மறுபடி செய்தேன். இந்தத் தடவை சோப்புப் போட்டுக் கை கழுவி, வெயிலில் காய வைத்துத் தொட்டது. ஒரே ராத்திரியில் வந்துவிட்டது. சோப்பில் உப்பு இருக்கலாம். கடலைமாவு போட்டுக் கழுவிப் பார்க்க வேண்டும்.

இருபத்தொன்று.

அக்டோபர் 28, செவ்வாய்

கடலைமாவும் அப்படியே.

மாலை டாக்டர் வந்தார். கிளினிக்கிலிருந்து நேராக வந்திருந்தார். பல் பார்க்கப் போட்டுக்கொள்ளும் குழாய்க் கண்ணாடி நெற்றியில் இருந்தது. தட்டைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொரு பாகமாக இடுக்கியில் எடுத்துப் பார்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று. பல்லில் ஓட்டை தேடுகிற மாதிரி.

"ஐயா, இதெல்லாம் ஒரே கைதானுங்களே" என்றார்.

"இருக்கலாம்."

"பெருவெரல்ல குறுக்கால ஒரு வெட்டுத் தழும்பு. எல்லாத்துலயும் இருக்குது. பாத்தீங்களா?"

"பார்த்தேன்" என்றேன். கை இரண்டையும் மடியில் வைத்து மேலே துண்டைப் போட்டிருந்தேன். குளிர் காலம்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு துண்டைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"நவம்பர் முடியறதுக்குள்ள எனக்குப் பாகம் வேணுங்க ஐயா. இல்லாட்டி வேற எடத்துல குடுத்து கிளியர் லாக்கர் அடிச்சு மாட்டிக்கிறேன். நாலு மார்க் போனாப் போவுது."

"லாக்கர் அடிச்ச பாகம் என் ஷெட்டுலருந்து போகாது."

"அப்ப மரகதத்தைக் கூப்புடுங்க. நீங்க ஒண்டியா எப்படிச் செய்வீங்க?"

"அவள்தான் கெடுத்தது."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஓ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்த ஓ பிடிக்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

இன்று காலை சாப்பிட உட்கார்ந்தபோது பூவாத்தாவிடம், டாக்டரும் மரகதத்தின் பக்கம் சேர்ந்துவிட்டார் என்றேன். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"நமக்குக் கல்யாணமாயி எத்தன வருசம் ஆச்சுங்க?"

"நாற்பத்தாறு."

"இந்த நாப்பத்தாறு வருசத்துல ஒரு நாளாச்சும் இந்தத் தோசைக்கல்ல நீங்க தொட்டிருக்கீங்ளா?"

யோசித்தேன். இல்லை. அவள் காய்ச்சலாகக் கிடந்தபோதுகூட, நான் ஊற்றுகிறேன் என்று போனால் எழுந்து வந்துவிடுவாள். அருவாமனையை நான் எடுத்தால் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். புருஷன் அடுப்படி வேலை செய்யக் கூடாது என்ற மரியாதை என்று நினைத்திருந்தேன். என் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

"ஏன்னு கேட்டீங்ளா?" என்றாள்.

"ஏன்?"

"கல்யாணமாயி வந்த மொத மாசம் நீங்க எடுத்துக் கழுவி வெச்சீங்க. மக்யா நாளு பாத்தா உங்க அஞ்சு வெரலும் கல்லுல இருக்குது. தேங்கா எண்ணெ போட்டுத் தேச்சேன். மறுக்கா ஒருக்கா தொட்டீங்க, மறுக்கா வந்துச்சு. உங்கம்மாகிட்டக் கேட்டேன். அவனுக்குச் சின்னதுலருந்தே அப்படித்தான், அவங்கிட்டச் சொல்லாத, மனசு ஒடிஞ்சுருவான்னு சொன்னாங்க. சொல்லல."

"நாற்பத்தாறு வருசமா?"

"ஒரு கல்லுக்குச் சொல்லோணுமா? நாம் பாத்துக்கிட்டேன். ஆனா இப்ப அவ பேரு போச்சுங்களே. அவ தெருவுல நின்னு அழுவாம இருந்தாளாம், வீட்டுக்குள்ள போயித்தான் அழுதாளாம். எனக்குச் சொன்னா."

தோசை கருகியது. அதை எடுத்து ஓரம் வைத்துவிட்டு அடுத்ததை ஊற்றினாள்.

நான் சாப்பிடவில்லை. பசி இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 1, சனி

ஆறுச்சாமிக்கு நானே போன் போட்டேன். சிக்னல் நன்றாக இருந்தது.

அன்றைக்குச் சொல்ல வந்ததைச் சொல் என்றேன். சொன்னான். பரிசோதனை அறையில் அந்த வருடம், கருவிகளைச் சரிபார்க்கும் எஃகு அளவுக்கட்டைகளில் ரேகை ரேகையாகத் துரு வந்ததாம். ஒவ்வொன்றும் வெளிநாட்டிலிருந்து வந்த சாமான். கம்பெனியில் மேலிருந்து கேட்டார்கள், யார் கை என்று. கோவர்த்தனன் பார்த்திருக்கிறார். தெரிந்துகொண்டார். பெயர் எழுதிக் கொடுக்கவில்லை. காற்றில் ஈரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆளை மட்டும் மாற்றியிருக்கிறார்.

"எங்கிட்ட மட்டும்தானுங்க சொன்னாரு. வேலைக்கு வந்து ஒரு வருசம் ஆவல, இது ஏட்டுல ஏறுச்சுன்னா எங்கயும் அவன எடுக்க மாட்டாங்கன்னாரு. நாலு பேரு முன்னால சொன்னா அந்தாளு ஒடைஞ்சிருவான்னும் சொன்னாரு. நாமதான் நெனச்சோம், உங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும்னு."

"அந்தச் சொந்தக்காரப் பையன்?"

"ஆருங்க? சண்முகமா? அவன் அவருக்குச் சொந்தமே இல்லீங்க. ஒரே ஊரு, அவ்வளவுதான்."

கோவர்த்தனன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவரு போயி ஏழு வருசமாச்சுங்க. உங்களுக்குச் சேதி சொன்னமே. நீங்க வரல."

ஆமாம். போகவில்லை.

எனக்கு ஒரு விஷயத்தில் இப்போதும் கோபம்தான். காரணத்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சொல்லியிருக்கலாம். என் கையைப் பற்றி என் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்கிறது, மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருக்கிறது, ஆறுச்சாமிக்குத் தெரிந்திருக்கிறது. கைக்காரனுக்குத் தெரியவில்லை. எழுபத்திரண்டு வயது.

நவம்பர் 2, ஞாயிறு

மரகதத்தின் வீட்டுக்குப் போனேன். குழாயடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். அதை அவள் கவனித்தாள்.

ஒரு கிரைண்டர் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாளாம். பலகையை எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பாகம் எத்தன போச்சுங்க?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"இருபத்திமூணு."

"போல்ட்டுலயுமா?"

"போல்ட்டுலயும்."

"மெழுகை எடுத்துப்போட்டு முதல்லருந்து வரோணும். ஸ்டீல் வுல்லு ரெண்டாம் நம்பரு போடாதீங்க, கீறல் உளுந்துரும். நல்லா நைசா இருக்கற நாலு சைபருதான் போடோணும். ரேகை ஆழமாப் போயிருந்தா அந்தக் கறை முழுசா வராதுங்க, நெழலாட்டம் நிக்கும். அத நீங்க பழசோட கறைன்னு உட்டுருங்க."

நான் தலையாட்டினேன். நான் வந்தது வேறு சொல்ல. இந்த இரண்டு வாரத்தில் மனதுக்குள் பல மாதிரி சொல்லிப் பார்த்திருந்தேன்.

"நீ வா" என்றேன்.

"எதுக்குங்க?"

"வேலைக்கு."

அவள் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்னையச் சந்தேகப்பட்டீங்க, அது கூடப் போவட்டுங்ண்ணா. வேல செய்யற எடத்துல ஆயிரம் இருக்கும். ஆனா அங்க வந்து, குடத்தோட நின்னவள, அத்தன பேரு பாக்க மை ஒத்துனீங்க பாருங்க. இன்னிக்கும் கொழாயடிக்குப் போனா ஒருத்தி வெரலக் காட்டிச் சிரிக்கறா. என்ற பையன் பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு வந்து கேக்கறான், அம்மா நீ என்னத்தத் திருடுனேன்னு."

"திருடினதா நான் சொல்லலையே."

"நீங்க சொல்லல. மை சொல்லுச்சு."

"இப்ப என்ன செய்யச் சொல்றே?"

"ஒண்ணும் வேண்டாங்க. பலகையில உக்காந்து எங்கிட்டச் சொல்லவும் வேண்டாம். எனக்குத்தான் தெரியுமே, நானில்லேன்னு. தெரியாதவங்க அங்க நிக்கறாங்க."

வாசலைக் காட்டினாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். என் கையைப் பற்றி.

"ஆறு வருசமா உங்க ஸ்பேனரையெல்லாம் எண்ணெத் துணி போட்டுத் தொடைச்சு வெக்கறது ஆருன்னு நெனச்சீங்க?"

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். டம்ளரைக் கீழே வைக்க மறந்து வாசல் வரை எடுத்து வந்துவிட்டேன். அவள் வந்து வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் 3, திங்கள்

யோசித்தாயிற்று. செய்ய வேண்டியதும் செய்ய வேண்டியவர்களும் கீழே.

இருபத்தாறு பாகத்திலும் பழைய மெழுகை எடுப்பது, நல்லதாக இருக்கும் மூன்றையும் சேர்த்து. மரகதம், அவள் வர ஒப்புக்கொண்டால். ஒப்புக்கொள்ளாவிட்டால் டாக்டருக்குப் பாகங்களை இருக்கிற நிலையில் திருப்பிக் கொடுப்பது. அதற்கு நான்.

ஸ்டீல் வுல், நாலு சைபர் மட்டும். வாங்க வேண்டியது நான்.

கையுறை, மாதம் இரண்டு ஜோடி, அவள் கை அளவுக்கு. இதுவும் நான். என் கைக்கும் ஒரு ஜோடி.

தின்னர் துடைப்பது மரகதம்.

சூடேறிய பாகத்தைத் தடவிப் பார்ப்பது. இதை எழுதப் பேனா எடுத்துவிட்டு வெகுநேரம் வைத்திருந்தேன். மரகதம். அவள் மெல்லிய கையுறை போட்டுப் பார்த்தாலும் சரி, வெறும் கையால் பார்த்தாலும் சரி, அவள் இஷ்டம். ரேகை இல்லாத விரலுக்குப் பிசிறு தெரியுமா என்று பூவாத்தா கேட்டாள். தெரியும். துணியில் இனிக் கறுப்பு வராது என்று ஆறு வருடமாகச் சரியாகச் சொன்னது அந்த விரல்தான். அவள் போதும் என்றால் போதும். நான் மறுபடி தொட்டுப் பார்க்கக் கூடாது.

மெழுகு காய்ச்சுவது நான். பூசுவது மரகதம்.

லாக்கர் கிடையாது. இதில் மாற்றம் இல்லை.

நிழலாக நின்றுவிடும் கறைகளைப் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே சொல்வது. யாருடைய கை என்பதையும் சேர்த்து. அவருக்குத் தெரியும், ஆனாலும் சொல்ல வேண்டும். நான்.

கோவர்த்தனன் விஷயத்தில் யாரும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவர் மகன் சிங்காநல்லூரில் இருக்கிறாராம், ஆறுச்சாமி விலாசம் தருகிறான். போவதா என்று பிறகு பார்க்கலாம். நான்.

மரகதத்தின் பையன் பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்ததற்குப் பதில் சொல்வது. அது மரகதத்தின் வேலை இல்லை. அவளே சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். பையனைக் குழாயடிக்குக் கூட்டி வரும்படி பூவாத்தா மரகதத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

நாளை காலை ஆறரைக்குத் தண்ணீர் வரும். ஏழு மணிக்கு எல்லாரும் இருப்பார்கள். குடம் நிரம்புகிற சத்தத்தில் கேட்காமல் போகக் கூடாது, குழாயை மூடச் சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும். ஸ்டாம்ப் பேடும் தாளும் எடுத்துப் போக வேண்டும், ஒற்றிக் காட்டுவதற்கு. நாலாவது தகட்டுத் துண்டையும்.

சொல்ல வேண்டியது நாலைந்து வார்த்தைதான். அதை இங்கே எழுதவில்லை. எழுதிவிட்டால் சொன்ன மாதிரி ஆகிவிடும், போகாமல் இருந்துவிடுவேன்.

அதைச் சொல்ல வேண்டியது நான். கூட யாரும் வர வேண்டாம்.